ரோஸ்ட் கருகிய வீட்டுக்குப் போனோம்

அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போவார்கள், அருவியைப் பார்க்கப் போவார்கள். நாங்கள் ஒரு விதவையைச் சமாதானப்படுத்தப் போனோம்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் மனைவி கோமதி. உடுமலைப்பேட்டைக் கல்லூரி ஒன்றில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள். நான் மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவன். எனக்கு ஓய்வு கிடைத்தது, அவளுக்குக் கிடைக்கவில்லை. ஓர் அமெரிக்க எழுத்தாளரை அவள் வருடக்கணக்காகத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருக்கிறாள். பெரிய ஆள்தான். நாவல், சிறுகதை இரண்டிலும் அவருக்கு அங்கே கோபுரம் கட்டி வைத்திருக்கிறார்கள். அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. என் வீட்டில் அந்தப் பெயர் ஒலித்த அளவே போதும்.

பெயர்கூட அதிகம் ஒலிக்கவில்லை என்பதுதான் உண்மை. எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷனைப் பெயர் சொல்லமாட்டார்கள், ‘அவர்’ என்பார்கள். கோமதி அந்த எழுத்தாளரையும் ‘அவர்’ என்றே சொல்வாள். ஒருமுறை போனில் யாரிடமோ, “அவர் குதிரைல இருந்து விழுந்ததுல இருந்து உக்காந்து எழுதறதே இல்லீங்க, நின்னுட்டேதான்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று அதைக் கேட்ட என் அக்கா, சாயங்காலமே ஆரஞ்சுப் பழங்களோடு என்னைப் பார்க்க வந்துவிட்டாள். நான் திடமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது அவளுக்கு ஏமாற்றமாகவே இருந்தது.

நாவல்கள் எல்லாம் தமிழில் வந்துவிட்டன. அவற்றுக்கு அவரே உயிரோடு இருந்தபோது சம்மதம் தந்தார். மிச்சம் இருந்தவை சிறுகதைகள். மொத்தத்தையும் ஒரே தொகுப்பாகக் கொண்டுவரச் சென்னைப் பதிப்பாளர் ஒருவர் அச்சுக் கோத்து, அட்டைகூடப் போட்டுவிட்டார். அதற்குள் எழுத்தாளர் காலமானார். உரிமை அவர் மனைவி லொரேட்டா அம்மையாரிடம் போனது. கோமதி அனுப்பிய ஈமெயில்களுக்கெல்லாம் சேர்த்து, டெக்சாஸிலிருந்து அந்த அம்மையார் ஒரே பதில் போட்டார்: முகம் பார்க்காதவர்களோடு பேச்சு வைத்துக்கொள்வதில்லை, வேண்டுமானால் வந்து பேசலாம்.

வேறு யாராக இருந்தாலும் இதை மறுப்பு என்று புரிந்துகொள்வார்கள். கோமதி அழைப்பு என்று புரிந்துகொண்டாள். “வாங்கன்னு கூப்பிட்டிருக்காங்க. போகலீன்னா மரியாதையா இருக்குமாங்க?” என்றாள்.

முதலில் இறங்கியது நியூ ஜெர்சி. எங்கள் மகள் நித்யா ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருக்கிறாள், மருந்துக் கம்பெனி வேலை. விமான நிலையத்துச் சுங்க அதிகாரி எங்கள் பெட்டிகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, உணவுப் பொருள் ஏதாவது உண்டா என்று கேட்டார். சாம்பார்ப் பொடியையும் கறிவடகத்தையும் ஊரிலேயே வெளியே எடுத்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் எழுத்தாளரின் படைப்புகளை அடுக்கியிருந்தாள் கோமதி. ஆகவே தைரியமாக, கதைகள் மட்டும்தான் இருக்கின்றன என்றாள். யாருடைய கதைகள் என்று அவர் கேட்க, இவள் பெயரைச் சொல்ல, அந்த மனிதர் முகம் சுளித்தார்.

“பெண்டாட்டி ரோஸ்ட்டைக் கருக்கிவிடுவாளே, அந்தக் கதை எழுதினவர்தானே? பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்தார்கள். எனக்குப் பிடிக்கவே இல்லை.”

பெட்டியைத் திறக்காமலே எங்களை அனுப்பிவிட்டார். தப்பித்தோம் என்று நான் நினைத்தேன். பிடிக்கவில்லை என்று சொன்னவரிடம் ஏன் என்று கேட்டுவிட்டு வருவதாகக் கோமதி திரும்பப் போனாள். இழுத்துக்கொண்டு வந்தேன்.

அந்தக் கதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதிதாகக் கல்யாணமான இருவர். மழை நாள். கணவன் வேலையிலிருந்து ஈரமாக வீடு திரும்புகிறான். மனைவி பக்கத்து வீட்டில் அரட்டை அடித்துக்கொண்டிருந்ததில் அடுப்பிலிருந்த ரோஸ்ட் கருகிவிட்டது. அவன் ஒரு வார்த்தை பேசாமல் கருகியதைத் தின்றுவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போகிறான். திரும்பி வருவதே இல்லை. அவ்வளவுதான் கதை. அமெரிக்காவில் ஒரு பாடப்புத்தகம் விடாமல் இது இருக்கிறது.

கோயம்புத்தூர்ப் பக்கத்து ஓட்டல்களில் ரோஸ்ட் என்றால் முறுகலான தோசை. கோமதி முதன்முதலில் எனக்கு அந்தக் கதையைச் சொன்னபோது, ஒரு தோசைக்காகவா ஒருத்தன் பெண்டாட்டியை விட்டுப் போவான், இன்னொன்று ஊற்றச் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டேன். அது மாட்டிறைச்சி, ஓவனில் மணிக்கணக்காக வேக வேண்டும் என்று விளக்கினாள். நாங்கள் சுத்த சைவம். ஆனால் மாட்டின் எந்தப் பாகம் எவ்வளவு நேரம் வேகும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் உடுமலைக் கசாப்புக் கடையில்கூடக் கிடையாது.

நித்யாவுக்குப் பெட்டியைத் திறந்ததும் துக்கம். “அம்மா, சீரியஸா சொல்றியா? ஃபுல்லா புக்ஸா? ஒரு பருப்புப்பொடி கூடவா இல்ல?” என்று அடியில் துழாவினாள். பேத்தி தியா ஹைஸ்கூல் படிக்கிறாள். நாம் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். அவள் வகுப்பிலும் அந்தக் கதைதானாம். கணவன் மேல் தப்பா, மனைவி மேல் தப்பா என்று ஓட்டெடுப்பு நடந்ததாம். மனைவி மேல்தான் என்று பெரும்பான்மை. நீ எதற்கு ஓட்டுப் போட்டாய் என்று கேட்டதற்கு, ஓவனுக்கு என்றாள்.

மறுநாள் காலை எங்களுக்குத் தூக்கம் வராததால் நடக்கப் போனோம். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நடப்பவர்களை யாரும் மனநலத்தோடு இருப்பவர்களாகக் கருதுவதில்லை. மூன்று கார்கள் நின்று, வழி தவறிவிட்டீர்களா என்று விசாரித்தன. இல்லை இல்லை என்று சொல்லியே உண்மையாக வழி தவறினோம். நடைபாதை திடீரென்று புல்லில் முடிந்து, எதிரே பெரிய நெடுஞ்சாலை வந்துவிட்டது. அந்தப் பக்கம் இந்திய மளிகைக் கடை, வாசலில் கட்டுக் கட்டாகக் கீரை. கடக்க வழியில்லை. எங்களுக்கும் கீரைக்கும் நடுவில் எட்டு வரிசையில் வாகனங்கள்.

நான்காவதாக ஒரு கார் நின்றது. ஓட்டியவள் ஈரோட்டுப் பெண். “ஆன்ட்டி, அங்கிள், ஏறுங்க, நான் டிராப் பண்றேன்” என்று எங்களை ஏற்றி, இடது பக்கம் தெரிகிற கடைக்குப் போக வலது பக்கம் திரும்பி, ஒரு பெரிய வளையம் சுற்றி, ஒருவழியாகச் சேர்த்தாள். நியூ ஜெர்சியில் இடது பக்கம் போக அப்படித்தானாம். எனக்கு ஆச்சரியமில்லை. கோமதியிடம் ஒரு காரியம் ஆகவேண்டுமானால் நான் வீட்டிலும் அந்த வழியில்தான் போவேன்.

அடுத்து டெக்சாஸ். அங்கே எங்களுக்குத் துணை டாக்டர் ஜீவராஜா. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர், பல் டாக்டர். கோமதியின் மொழிபெயர்ப்புகள் எல்லாவற்றையும் வாங்கித் தன் கிளினிக்கில் நோயாளிகள் உட்காரும் இடத்தில் வைத்திருக்கிறார். டெக்சாஸ்காரர்கள் பல்வலியோடு வந்து அந்தத் தமிழ்ப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்து மேலும் கலங்குவார்கள் என்று நினைக்கிறேன். அம்மையாரின் ஊர் வரைக்கும் தானே கொண்டுபோய் விடுவதாக அவர் முன்பே வாக்குக் கொடுத்திருந்தார். “அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. அந்த அம்மாவோட வடிவாக் கதைச்சா அவ ஓம் எண்டுவா” என்றார்.

கதைச்சால் என்றால் பேசினால் என்று அர்த்தம். எனக்கு அது பிடிபட அரைநாள் ஆனது. அதுவரை, எதற்கெடுத்தாலும் கதை கதை என்கிறாரே, இவரும் கோமதி கட்சிதான் என்று பயந்துகொண்டிருந்தேன்.

ஜீவராஜாவின் கார் மின்சாரக் கார். டெக்சாஸ் பெரியது என்று கேள்விப்பட்டிருந்தேன். எவ்வளவு பெரியது என்பதை அந்தக் காரின் பேட்டரி எங்களுக்குக் காட்டியது. முதலில் ஏசியை அணைத்தோம். பிறகு பாட்டை அணைத்தோம். பிறகு பேச்சையும் நிறுத்தினோம், அதற்கும் பேட்டரிக்கும் சம்பந்தமில்லை என்றாலும். இரண்டு பக்கமும் வேலி, வேலிக்கு அப்பால் மாடுகள், மாடுகளுக்கு அப்பால் மறுபடி வேலி. ஜீவராஜா என் பக்கம் திரும்பி, “அண்ணை, நீங்கள் கரண்ட் ஆள்தானே” என்றார் பரிதாபமாக. நான் வேலை பார்த்த காலத்திலும் மக்கள் என்னை அப்படித்தான் பார்த்தார்கள். அப்போதும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

எழுத்தாளரின் ஊருக்குள் கார் நுழைந்தபோது ஆமை எங்களை முந்தியிருக்கும். ஊர் எல்லையிலேயே ஒரு சாப்பாட்டுக் கடை. அதன் மேல் பெரிய பலகை. ஏப்ரன் கட்டிய ஒரு பெண் கையில் கரித்துண்டு மாதிரி எதையோ ஏந்தி, அசடு வழிய நிற்கிறாள். தலைக்கு மேல் புகை. உலகப் புகழ் பெற்ற கருகிய ரோஸ்ட் இங்கே கிடைக்கும் என்று எழுதியிருந்தது. கடைக்காரர் நல்ல மனிதர். கொல்லைப்புறத்துப் பிளக்கில் காரைச் செருகிக்கொள்ள விட்டார். அந்தப் பிளக்கில் கார் உயிர் பிடிக்க ராத்திரி முழுக்க ஆகும் என்று தெரிந்ததால், பக்கத்து மோட்டலில் அறை எடுத்துவிட்டு வந்து நிதானமாக உட்கார்ந்தோம்.

கோமதிக்குக் கோயிலுக்குள் வந்த மாதிரி. சுவரெல்லாம் எழுத்தாளரின் படம், புத்தக அட்டைகள், கதையின் கடைசி வரி சட்டம் போட்டு மாட்டியிருந்தது. ஜீவராஜா கருகிய ரோஸ்ட் வரவழைத்தார். “நான் எல்லாம் சாப்பிடுவன்” என்று தொடங்கியவர், பாதியில் தாடையைப் பிடித்துக்கொண்டு, தொழில் முறையில் இதைத் தான் அனுமதிக்க முடியாது என்றார். எங்களுக்கு உருளைக்கிழங்கு வறுவல்.

பரிமாறிய பெண்ணிடம் கோமதி, லொரேட்டா அம்மையார் இங்கே வருவதுண்டா என்று ஆசையாக விசாரித்தாள். அந்தப் பெண் பலகை இருந்த திசையில் தலையைச் சாய்த்து, “நீங்களாக இருந்தால் வருவீர்களா?” என்று கேட்டாள். கோமதி வெளியே போய்ப் பலகையை இன்னொரு முறை பார்த்துவிட்டு வந்தாள். அதுவரை எடுத்துக்கொண்டிருந்த போட்டோவை நிறுத்திவிட்டாள்.

காலையில் மோட்டலில் இலவசச் சிற்றுண்டி. வாஃபிள் என்கிற மாவுப் பண்டத்தை நாமே ஊற்றி எடுத்துக்கொள்ள வேண்டும். அச்சு டெக்சாஸ் மாநில வடிவத்தில் இருந்தது. எனக்கு வந்த டெக்சாஸில் தெற்குப் பகுதி அச்சிலேயே ஒட்டிக்கொண்டது. பக்கத்திலிருந்த உள்ளூர்க்காரர் அதை ஓர் அவமானமாகவே எடுத்துக்கொண்டு, தன்னுடைய முழு டெக்சாஸை எனக்குக் கொடுத்தார்.

அம்மையாரின் வீடு ஊருக்குச் சற்று வெளியே, மரங்களுக்கு நடுவில். எண்பது வயதைத் தாண்டியவர், ஒடிசலாக, நிமிர்ந்து நின்றார். அவர் பேசிய டெக்சாஸ் ஆங்கிலத்தில் எனக்கு நாலு வார்த்தைக்கு ஒன்று புரிந்தது. ஜீவராஜா அதை மெல்ல யாழ்ப்பாணத் தமிழாக்கிச் சொன்னார், அதில் எனக்கு இரண்டுக்கு ஒன்று புரிந்தது. கணக்குப் போட்டால் நஷ்டம்தான். ஆனாலும் விஷயம் விளங்கிவிட்டது.

முன்னறையில் ஒரு சுவர் முழுக்க எழுத்தாளரின் நூல்கள். நாவல்கள், தொகுப்புகள், பல மொழிப் பெயர்ப்புகள். கோமதி தன் தமிழ் நாவல்களை எடுத்து நீட்டினாள். அம்மையார் வாங்கி, எழுத்துகளை விரலால் தடவி, எல்லாம் உருண்டையாக இருக்கிறது என்று மெச்சினார். பிறகு நேராகக் கேட்டார்: அந்த ரோஸ்ட் கதை இந்தத் தொகுப்பில் உண்டா?

உண்டு, அது இல்லாமல் தொகுப்பே இல்லை என்றாள் கோமதி.

“அப்படியானால் ஒரு நிபந்தனை. உங்கள் மொழியில் ரோஸ்ட் கருகக் கூடாது.”

ஜீவராஜா இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு மொழிபெயர்த்தார். அம்மையார் எழுந்து சமையலறைக்கு எங்களைக் கூட்டிப் போய், ஓர் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே நிறையச் சமையல் கடிகாரங்கள். முட்டை வடிவத்தில், தக்காளி வடிவத்தில், கோழி வடிவத்தில். நேரம் வைத்தால் மணி அடிப்பவை. எல்லாம் வாசகர்கள் தபாலில் அனுப்பியவை. ஊர் ஊராக, முன்பின் தெரியாதவர்கள், கதையில் வரும் மனைவி இவர்தான் என்று முடிவு செய்து, வேடிக்கையாக நினைத்துக்கொண்டு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்களாம். கடைக்குப் போனால் கறிக்கடைக்காரன் சிரிக்கிறான். கணவரின் இரங்கல் கூட்டத்தில்கூட ஒரு பேராசிரியர் ரோஸ்ட்டைப் பற்றித்தான் பேசினார். இங்கிலீஷில் இனி ஒன்றும் செய்ய முடியாது, அது எல்லோர் தலையிலும் ஏறிவிட்டது, தமிழிலாவது நான் ஒழுங்காகச் சமைத்துவிட்டுப் போகிறேன் என்றார்.

எனக்கு இது நியாயமாகவே பட்டது. ஒரு சொல்தானே, ‘கருகியது’ என்பதை ‘வெந்தது’ என்று போட்டால் தீர்ந்தது என்று கோமதியின் காதில் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நானே கருகினேன்.

“கருகலீன்னா அவன் எதுக்குங்க எந்திரிச்சுப் போறான்? நல்லாச் சாப்பிட்டுட்டுத் தொப்பியை மாட்டிட்டுப் போனா, அவனுக்குக் கிறுக்குன்னுதானுங்க படிக்கிறவங்க நெனப்பாங்க.” பிறகு அம்மையாரிடம் ஆங்கிலத்தில், பணிவாக, ஆனால் தெளிவாகச் சொன்னாள். அவர் எழுதியதில் ஒரு கமாவைக்கூடத் தான் இதுவரை தொட்டதில்லை. இதையும் தொட முடியாது.

அவ்வளவு தூரம் வந்து, அட்டை வரை போன புத்தகத்தை அந்த ஒரு வாக்கியத்தில் தொலைத்தாள். இத்தனை வருட வேலை என்று எனக்குத் தெரியும்.

அம்மையார் கோபித்துக்கொள்ளவில்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும், ரோஸ்ட் காலையிலிருந்தே ஓவனில் இருக்கிறது, தன் ரோஸ்ட் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்றார். நாங்கள் சைவம் என்ற செய்தியை யார் சொல்வது என்று மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஜீவராஜா சொன்னார். அம்மையார் யோசித்து, சைவர்களுக்கு வாசனை போதும், சாட்சிக்குப் பல் டாக்டர் இருக்கிறார் என்று தீர்ப்பளித்தார்.

சமையல் முடியும்வரை ஒரு கதையைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னார். பொருள் வேண்டாம், சத்தம் எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டுமாம். எல்லோரும் முன்னறைக்குப் போனோம். அதற்கு முன் அம்மையார் கோழி வடிவக் கடிகாரத்தைத் திருகி என் கையில் கொடுத்து, இது கூவியதும் போய் ஓவனை அணைத்துவிட வேண்டும், இந்தக் குமிழ், இப்படித் திருக வேண்டும் என்று செய்து காட்டினார். மின்வாரியத்தில் இருந்தவன் என்று ஜீவராஜா சொல்லி வைத்ததால் வந்த மரியாதை.

கோமதி வாசித்தாள். அது ரோஸ்ட் கதை இல்லை, ஒரு தகப்பனும் மகனும் கிணறு தோண்டுகிற கதை. வீட்டில் அவள் வாசித்தால் இரண்டாம் பத்தியில் நான் தூங்கிவிடுவேன். அதற்காகவே என்னை முதல் வாசகர் என்று சொல்வதை அவள் நிறுத்திவிட்டாள். ஆனால் அன்றைக்கு அந்த அம்மையார் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சொல் புரியாமல், தலையை மெல்ல ஆட்டிக்கொண்டு கேட்டார். இவர் என்னத்தைக் கேட்கிறார் என்று நானும் காதைக் கொடுத்தேன். கிணற்றில் மகன் கீழே இருக்கிறான், தகப்பன் மேலே கயிற்றைப் பிடித்திருக்கிறான். தண்ணீர் வருமா வராதா என்று எனக்குத் தெரிந்தே ஆக வேண்டியிருந்தது. கையில் ஏதோ கூவியது. பேசாமல் இரு என்று அதன் தலையில் அமுக்கினேன்.

தண்ணீர் வந்தது. அதோடு புகையும் வந்தது.

அப்புறம் வீடு முழுக்கப் புகை எச்சரிக்கை மணிகள் அலறின. ஜீவராஜா ஓடினார். கோமதி சேலைத் தலைப்பால் விசிறினாள். நான் அந்தக் குமிழைத் தப்பான பக்கம் திருகி மேலும் கொஞ்சம் எரித்தேன். கடைசியில் அம்மையார் நிதானமாக வந்து அடுப்பை அணைத்து, பாத்திரத்தை வெளியே எடுத்து மேசையில் வைத்தார். பலகையில் அந்தப் பெண் ஏந்தியிருந்ததே, அதே நிறம்.

நான் மன்னிப்புக் கேட்கிற ஆங்கிலத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அம்மையார் நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார்.

“அன்றைக்கும் இதேதான் நடந்தது” என்றார்.

கல்யாணமான புதிது. அம்மையாருடைய தங்கைக்குப் பிரசவ வலி. இவர் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். ரோஸ்ட் அடுப்பில். ஆறு மணிக்கு அணைத்துவிடு என்று புருஷனிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் டைப்ரைட்டரில் உட்கார்ந்திருந்தார். சரி என்றார். இவர் குழந்தை பிறந்த சேதியோடு திரும்பி வந்தால் வீடு புகை. இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்து கருகாத பாகமாகப் பிய்த்துப் பிய்த்துத் தின்றார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். யாரும் தொப்பியை எடுத்துக்கொண்டு எங்கேயும் போகவில்லை. கொஞ்ச நாளில் ஒரு பத்திரிகையில் கதை வந்தது.

“கருக்கினது அவர். எழுதினதும் அவர். எனக்கு மிஞ்சியது கடிகாரம்.”

தன் எழுத்தாளர் மேல் கோமதிக்கு வந்த முதல் கோபத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். உள்ளூர ஒரு திருப்தி இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். பிறகு அவள் சொன்னாள். கதையைத் தொட முடியாது. ஆனால் அந்தப் பக்கத்தின் கீழே ஒரு கோடு போட்டு, அடிக்குறிப்பாக, நடந்ததை எழுதலாம். மொழிபெயர்ப்பாளருக்கு அந்த உரிமை உண்டு.

அம்மையார் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். ஜீவராஜா கருகிய மேல்தோலைச் சீவித் தள்ளிவிட்டு உள்பக்கத்தைச் சாப்பிட்டுப் பார்த்தார். “உள்ளுக்கை நல்ல மெதுவா இருக்கு. உண்மையா, பல்லே தேவையில்லை” என்று சாட்சி சொன்னார்.

சம்மதம் கைக்கு வராமலே கலிஃபோர்னியா போனோம். ஃப்ரீமான்ட்டில் கோமதியின் தம்பி சேகர் இருக்கிறான். தினமும் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் என்று ஃப்ரீவேயிலேயே குடியிருப்பவன். வீட்டுக்கு வந்தபிறகும் சோபாவில் உட்கார்ந்து வலது காலால் பிரேக் போட்டுக்கொண்டிருந்தான். கோமதி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாடு இறங்கவில்லை. மௌரி அவென்யூவில் மளிகைக் கடை கடையாகக் கூட்டிப் போனோம். முருங்கைக்காயைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒடித்துப் பார்க்காமலே நின்றாள். நிலைமை மோசம் என்று புரிந்துகொண்டேன்.

இடையில் சென்னைப் பதிப்பாளர் அழைத்தார். அடிக்குறிப்பு என்றதும் அலறினார். “மேடம், ரீடர் கண்ணத் தொடச்சிக்கிட்டு இருப்பான். கீழ பாத்தா சிரிச்சிடுவான். கதையே போயிடும்.” கோமதி அமைதியாக, “சிரிக்கட்டுங்க. இத்தனை வருஷமா அந்தம்மாவைப் பாத்துத்தான சிரிக்கிறாங்க. ஒருக்கா அவரைப் பாத்தும் சிரிக்கட்டும்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சேகர் எங்களை மலை தாண்டி லிவர்மோர் கோயிலுக்குக் கூட்டிப் போனான். சிவனும் பெருமாளும் ஒரே இடத்தில். கோமதி இரண்டு பேரிடமும் விண்ணப்பம் போட்டாள். தரிசனம் முடிந்து, புளியோதரைத் தட்டோடு வெளியே உட்கார்ந்திருந்தபோது கோமதியின் போன் அடித்தது. டெக்சாஸ். ஸ்பீக்கரில் போட்டாள். சேகர் கலிஃபோர்னியாக்காரன், அவனுக்கு டெக்சாஸ் ஆங்கிலம் புரிந்தது.

அம்மையார் சம்மதித்துவிட்டார். ஆனால் விதிகள் இருந்தன. குறிப்பு அதே பக்கத்தில் இருக்க வேண்டும், புத்தகத்தின் பின்னால் தள்ளக் கூடாது, பின்பக்கம் யாரும் படிப்பதில்லை. எழுத்து பொடியாக இருக்கக் கூடாது. தங்கையின் பிரசவம் கட்டாயம் வர வேண்டும், அரட்டை அடிக்கப் போகவில்லை என்பது தெரிய வேண்டும். கோமதி எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினாள். புளியோதரைக் கையாலேயே கண்ணைத் துடைத்து, மிளகாய் பட்டு, மேலும் அழுதாள்.

கடைசியாக ஒரு விதி. அந்த வீட்டில், அதே அடுப்பில், மொழிபெயர்ப்பாளரின் கணவரும் அதையே செய்தார் என்று சேர்க்க வேண்டும். ஓர் ஆதாரமாக.

நான் ஆட்சேபித்தேன். உடுமலையில் நாலு பேர் படிக்கிற புத்தகம், என் அக்கா படிப்பாள், மின்வாரிய நண்பர்கள் படிப்பார்கள். ஒரு சைவன் மாட்டிறைச்சியைக் கருக்கினான் என்று அச்சில் வந்தால் எந்தப் பக்கத்திலிருந்து என்ன கேள்வி வரும் என்றே சொல்ல முடியாது. கோமதி கேட்கவில்லை. அப்படியானால் நான் தூங்கிப் போகவில்லை, கதை கேட்டுக்கொண்டிருந்தேன் என்றாவது எழுது என்றேன்.

“அடிக்குறிப்புல காரணமெல்லாம் எழுதறது வழக்கமில்லீங்க” என்றாள்.

புத்தகம் வந்துவிட்டது. தடிமனான புத்தகம். நான் நேரே அந்தப் பக்கத்துக்குத்தான் போனேன். கதை முடிகிறது, அவன் தொப்பியோடு போகிறான், கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே பிரசவம், டைப்ரைட்டர், புகை எல்லாம் ஒழுங்காக இருந்தன. பிறகு நான் வந்தேன். மொழிபெயர்ப்பாளரின் கணவரும் அதே அடுப்பில் ரோஸ்ட்டைக் கருக்கினார் என்று இருந்தது. அதற்குப் பிறகு, அம்மையார் கேட்காமலே, வழக்கத்தை மீறி ஒரு வரி: அப்போது அவர் கதை கேட்டுக்கொண்டிருந்தார்.